இனவழிப்பு: கம்போடியாவை முன்வைத்து ஒரு சொல் விளக்கம்

ஜெனோசைட் என்பதற்குத் தமிழ்நாட்டுப் பத்திரிகைகள் பெரும்பாலும் 'இனப்படுகொலை' என்று எழுதுகின்றன. ஈழத்தமிழர் எழுத்தில் 'இனவழிப்பு' என்ற சொல்லும் பரவலாக உண்டு. மேலோட்டமாகப் பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். கம்போடியாவில் 1975 முதல் 1979 வரை கெமர் ரூஜ் என்ற கம்யூனிஸ்ட் கட்சியின் ஆட்சியில் நடந்ததைத் தமிழில் எழுத உட்காரும்போது வேறுபாடு தெரிந்துவிடும்.

மூலச்சொல் பழையதல்ல. போலந்து நாட்டு யூத வழக்கறிஞர் ரஃபேல் லெம்கின் 1944-இல் உருவாக்கியது. இனம், குலம் என்று பொருள்படும் கிரேக்கச் சொல் 'கெனோஸ்'. அதோடு கொல்லுதலைக் குறிக்கும் லத்தீன் பின்னொட்டு. 1948 டிசம்பர் 9-இல் ஐ.நா. பொதுச்சபை இதைச் சட்டச்சொல் ஆக்கியது. அந்த உடன்படிக்கையின்படி தேசிய, இன, நிற, மதக் குழு ஒன்றை முழுதாகவோ பகுதியாகவோ, அந்தக் குழு என்பதற்காகவே அழிக்கும் நோக்கம் இருக்க வேண்டும். அந்த நோக்கத்தோடு செய்யும் ஐந்து செயல்கள் குற்றம்: கொல்லுதல், உடலுக்கோ மனத்துக்கோ கடும் தீங்கு செய்தல், அழிவை உண்டாக்கும் வாழ்நிலையைத் திட்டமிட்டுத் திணித்தல், பிறப்பைத் தடுத்தல், குழந்தைகளைப் பிடுங்கி வேறு குழுவிடம் ஒப்படைத்தல்.

ஐந்தில் ஒன்றுதான் கொலை. 'படுகொலை' என்றால் மற்ற நான்கும் வெளியே நின்றுவிடுகின்றன. தமிழில் ஒரே ஒரு மனிதரைக் கொன்றாலும் படுகொலைதான்; காந்தி படுகொலை என்று எழுதுகிறோம். 'அழிப்பு' ஐந்தையும் தாங்கும். இனம் + அழிப்பு = இனவழிப்பு: மகரம் கெட்டு, வகர உடம்படுமெய் வரும். 'இனஅழிப்பு' என்று பிரித்து எழுதுவதும் வழக்கில் உண்டு. மதக்குழுவை 'இனம்' என்று சொல்லலாமா என்ற கேள்வி எழலாம். குறளின் 46-ஆம் அதிகாரம் சிற்றினம் சேராமை. அங்கே இனம் என்பது சேர்ந்திருக்கும் கூட்டம், ரத்த உறவு அல்ல. அந்த விரிவு நமக்குப் போதும்.

கம்போடியாவின் பெரும்பான்மையினரான கெமர் மக்களின் மொழியில் இதற்கு 'ப்ரொலாய் பூச் சாஸ்' என்பார்கள். முதற்சொல் நமக்குத் தெரிந்த பிரளயம். 'பூச்' என்றால் விதை, வம்சம். 'சாஸ்' சாசனம் என்ற வடசொல்லிலிருந்து வந்து அங்கே இனம் என்ற பொருளைப் பெற்றது. அதுவும் கொலையைச் சொல்லவில்லை, அழிவைத்தான் சொல்கிறது.

ஆட்சி செய்தவர்கள் வைத்திருந்த சொல் வேறு. கட்சி தன்னை 'அங்கார்' என்று அழைத்துக்கொண்டது. அங்கம் என்ற வேரிலிருந்து வந்த, 'அமைப்பு' என்ற பொருள் தரும் சொல். 'கெமர் ரூஜ்' (சிவப்புக் கெமர்கள்) நொரோடம் சிஹானூக் பிரெஞ்சில் சூட்டிய பெயர். கொல் என்பதற்கு அவர்கள் ஆவணங்களில் எழுதியது 'கம்தெச்': நொறுக்கித் தூளாக்கு.

அந்த ஆட்சியில் மடிந்தவர்கள் சுமார் 17 லட்சத்திலிருந்து 22 லட்சம் என்று கெமர் ரூஜ் தலைவர்களை விசாரிக்க ஐ.நா. துணையோடு கம்போடியாவில் அமைந்த நீதிமன்றத்துக்காகச் செய்த மக்கள்தொகை ஆய்வு கணித்தது. நாட்டின் மக்கள்தொகையே ஏறத்தாழ 80 லட்சம். மடிந்தவர்களில் வன்முறையால் கொல்லப்பட்டவர்கள் சுமார் 8 லட்சம். மற்றவர்களைப் பசியும் நோயும் ஓய்வில்லா வேலையும் கொன்றன. அந்தப் பசி இயற்கைப் பஞ்சம் அல்ல. நான்காண்டுத் திட்டம் ஹெக்டேருக்கு 3 டன் நெல் கேட்டது. அதற்குமுன் நாட்டின் சராசரி விளைச்சல் ஒரு டன்னை ஒட்டித்தான் இருந்தது. இலக்கை எட்டவில்லை என்று சொன்னால் துரோகி என்ற பட்டம் வரும். ஆகவே உள்ளூர்ப் பொறுப்பாளர்கள் கணக்கை உயர்த்தி எழுதினார்கள். உயர்த்திய கணக்குக்கு ஏற்ப மேலிடம் நெல்லை எடுத்துச் சென்றது. விளைவித்தவர்களுக்கு மிஞ்சியது பொதுச் சமையற்கூடத்தின் தண்ணீர்க் கஞ்சி. தாமாக மீன் பிடித்தாலும் கிழங்கு தோண்டினாலும் தண்டனை.

இத்தனையும் சட்டப்படி இனவழிப்பா? இங்கேதான் பல கட்டுரைகள் தவறுகின்றன. 1978-இல் நடந்த இரண்டை அருகருகே வைத்துப் பார்க்கலாம்.

கிழக்கு மண்டலத்திலிருந்து பல்லாயிரம் பேரை மேற்கே கொண்டுபோனார்கள். அவர்களுக்கு நீலக்கட்டம் போட்ட கிராமா துண்டு அடையாளமாகத் தரப்பட்டது. 'கெமர் உடலில் வியட்நாமியத் தலை' உள்ளவர்கள் என்று குற்றம் சாட்டி அவர்களில் ஏராளமானோரைக் கொன்றார்கள். கொன்றவர்களும் கெமர், செத்தவர்களும் கெமர். கொன்றது அரசியல் சந்தேகத்தால். உடன்படிக்கையின் பட்டியலில் அரசியல் குழு இல்லை. 1948 பேச்சுவார்த்தையிலேயே அதை நீக்கிவிட்டார்கள்.

மேகாங் கரையில் ட்ரியா என்ற ஊரில் சாம் என்ற சிறுபான்மை இனத்து முஸ்லிம்களைப் பிடித்து வந்து, நீ சாமா, கெமரா என்று கேட்டார்கள். சாம் என்றவர்களைக் கொண்டுபோய்க் கொன்றார்கள். கெமர் என்று சொன்னவர்களில் சிலர் பிழைத்து, பின்னாளில் நீதிமன்றத்தில் அதைச் சொன்னார்கள். அதற்கு முன்பே தொழுகையைத் தடுத்து, குர்ஆனைப் பறித்து, பன்றிக்கறி தின்னவைத்து, பெண்களின் முக்காட்டை நீக்கி, ஊர்களைக் கலைத்துச் சிதறடித்திருந்தார்கள். 'அந்தக் குழு என்பதற்காகவே' என்ற சொற்றொடருக்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. வியட்நாமியர் விஷயத்திலும் அப்படித்தான். தாய் வியட்நாமியர் என்றால் அவரையும் பிள்ளைகளையும் கொண்டுபோனார்கள். தந்தை வியட்நாமியர் என்றால் தந்தையை மட்டும். இனத்தைத் தாய்வழியில் கணக்கிட்டுக் கொன்றார்கள் என்று நீதிமன்றம் கண்டது.

2018 நவம்பர் 16 தீர்ப்பு இந்த எல்லையோடுதான் வந்தது. வியட்நாமியரை இனவழிப்புச் செய்ததாகக் கட்சியின் இரண்டாம் தலைவர் நுவான் சியா, ஆட்சியின் அரசுத்தலைவர் கியூ சம்பான் இருவர்மீதும் குற்றம் உறுதியானது. சாம் மக்களின் இனவழிப்புக்கு நுவான் சியா மட்டுமே குற்றவாளி. பெருந்திரளான கெமர் மக்களுக்கு இழைத்தவை 'மானுடத்துக்கு எதிரான குற்றங்கள்' என்ற தலைப்பில் வந்தன. புனோம் பென்னில் இருந்த எஸ்-21 சித்திரவதைச் சிறையின் தலைவர் டூச்சுக்கு 2010-இல் வந்த தண்டனையும் இனவழிப்புக்கு அல்ல. அங்கே குறைந்தது 12,272 பேர் கொல்லப்பட்டதாகத் தீர்ப்பு சொல்கிறது. பெரும்பாலோர் கெமர்கள், அதிலும் பலர் கட்சிக்காரர்களே. ஆனால் அதே கட்டடத்தின் இன்றைய பெயர் துவோல் ஸ்லெங் இனவழிப்பு அருங்காட்சியகம். இதற்குக் காரணம் ஆட்சி கவிழ்ந்த 1979-இல் நடந்த விசாரணை. கட்சித் தலைவர் போல் பாட்டையும் வெளியுறவு அமைச்சர் இயெங் சாரியையும் அவர்கள் நேரில் இல்லாமலே விசாரித்த புனோம் பென் மக்கள் தீர்ப்பாயம், நகரங்களைக் காலிசெய்தது, கட்டாய உழைப்பு எல்லாவற்றையும் இந்தச் சொல்லுக்குள் அடக்கியது. கம்போடிய மக்களின் பேச்சில் அந்தப் பொருளே நிலைத்தது. தன் பிள்ளையைப் பசிக்குக் கொடுத்த கெமர் தாயிடம் போய் அது இனவழிப்பு இல்லை என்று திருத்த யாருக்கும் உரிமை கிடையாது.

எழுதுகிறவர்களுக்குப் பொறுப்பு வேறு. மொத்தச் சாவுகளைச் சொல்லும் இடத்தில் 'கெமர் ரூஜ் ஆட்சியின் பேரழிவு' என்று எழுதலாம். தீர்ப்பைச் சொல்லும்போது சாம், வியட்நாமியர் என்று குழுவின் பெயரோடு 'இனவழிப்பு' என்று எழுத வேண்டும். 17 லட்சம் என்ற எண்ணை அதே வாக்கியத்தில் ஒட்டக்கூடாது. கெமர் மக்களுக்கு நேர்ந்ததைச் சிலர் 'தன்னின அழிப்பு' என்கிறார்கள். அது ஆய்வாளர் சொல், சட்டத்தில் இல்லை. கூட்டமாக ஆட்களை மாய்க்கும் குற்றத்துக்குப் 'பெருந்திரள் அழிப்பு' பொருந்தும். 'இனச்சுத்திகரிப்பு' என்பது ஓரிடத்திலிருந்து ஒரு குழுவைத் துரத்துவது. 1975-இல் வியட்நாமியரில் பெரும்பாலோரை எல்லைக்கு அப்பால் விரட்டியதை அப்படிச் சொல்லலாம். போகாமல் தங்கியவர்களுக்கு அதன்பின் நடந்ததை இனவழிப்பு என்றே எழுத வேண்டும்.