திருத்தப்பட்ட நேரம்

பிரசவத்துக்குப் பின் இரத்தப்போக்கால் இறந்த ஒரு பெண்ணின் கேஸ் ஷீட், சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் நிபுணர் குழுவிடம் வந்தது. நான் மயக்கவியல் மருத்துவர். இரத்தம் ஏற்றத் தொடங்கிய நேரம் 1.30 என்று எழுதப்பட்டு, பிறகு 12.30 என்று திருத்தப்பட்டிருந்தது. மையின் நிறம்கூட வேறு. இரத்த வங்கிப் பதிவேட்டை வரவழைத்துப் பார்த்தோம். இரத்தப் பை வெளியே போனதே 1.10க்குத்தான்.

தாமதத்துக்குக் காரணம் இருந்தது. அன்றிரவு பணியில் ஒரே மருத்துவர். அவர் இன்னொரு தாய்க்குச் சிசேரியன் செய்துகொண்டிருந்தார். உள்ளதை உள்ளபடி எழுதியிருந்தால், ஏன் ஒருவரை மட்டும் பணியில் வைத்தீர்கள் என்று மருத்துவமனையைக் கேட்டிருப்போம். திருத்தியதால் எல்லாக் கேள்வியும் அவர் மீதே பாய்ந்தது. வார்டுக்கு வெளியே கூட்டம், வாசலில் காவல்துறை வாகனம். அந்தப் பயம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் அந்தத் திருத்தத்தை என்னால் ஏற்க முடியவில்லை. இறந்தவரின் கணவர் குழுவின் முன் வந்து, “அந்த ஒரு மணி நேரத்தில் என்ன நடந்தது என்று மட்டும் சொல்லுங்கள், டாக்டர்” என்றார்.

சட்டம் எல்லாத் தவறையும் குற்றமாகப் பார்ப்பதில்லை. 1995இல் லூதியானாவில் மூச்சுத்திணறலால் தவித்த ஒரு நோயாளிக்குக் கொண்டுவந்த ஆக்ஸிஜன் சிலிண்டர் காலியாக இருந்தது, அவர் இறந்தார். ஜேக்கப் மேத்யூ வழக்கு என்று அறியப்படும் இந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2005 ஆகஸ்டில் தீர்ப்பளித்தது. சிலிண்டரில் ஆக்ஸிஜன் இல்லாததற்கு மருத்துவமனை இழப்பீட்டுப் பொறுப்பு ஏற்க நேரலாம். மருத்துவரைக் குற்றவாளியாக்க வேண்டுமானால் அலட்சியம் மிகக் கடுமையானதாக இருக்க வேண்டும் என்றது. வழக்குத் தொடருமுன் வேறொரு தகுதியுள்ள மருத்துவரின் கருத்து வேண்டும், வழக்கமான நடைமுறையாகக் கைது செய்யக் கூடாது என்றும் சொன்னது. எங்களைப் போன்ற குழுக்களைக் காவல்துறை நாடுவது அதனால்தான்.

இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் மருத்துவர்களுக்கு விலக்கு என்று பலர் நம்புகிறார்கள். அது சரியல்ல. பிரிவு 106(1)இன்படி அலட்சியத்தால் மரணம் விளைவிப்போருக்கு ஐந்து ஆண்டு வரை சிறை. மருத்துவச் செயல்முறையின்போது அது நேர்ந்தால் பதிவுபெற்ற மருத்துவருக்கு இரண்டு ஆண்டு வரை. பழைய சட்டத்தின் 304ஏ பிரிவில் அபராதத்தோடு மட்டும் விட நீதிமன்றத்துக்கு வழி இருந்தது. இப்போது சிறையோடு அபராதமும் உண்டு.

காவல் நிலையம் மட்டுமே வழி என்று குடும்பத்தினர் எண்ண வேண்டாம். மாநில மருத்துவக் கவுன்சில் மருத்துவரின் பெயரைப் பதிவேட்டிலிருந்து தற்காலிகமாகவோ நிரந்தரமாகவோ நீக்க முடியும். இழப்பீடு தர அதற்கு அதிகாரம் இல்லை. இழப்பீட்டுக்கு நுகர்வோர் ஆணையம். இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். எங்கே போவதானாலும் முதலில் கேஸ் ஷீட் நகலை எழுத்து மூலம் கேளுங்கள். 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது 2002ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதி. கோபத்தில் நாட்களை விட்டுவிட்டு, பிறகு நகலுக்கு அலைந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

இளம் மருத்துவர்களுக்கு: விடுபட்டதைப் பிறகு எழுதலாம். எழுதுகிற நேரத்தையே போட்டு, தாமதக் குறிப்பு என்று சொல்லிக் கையெழுத்திடுங்கள். பிழையை ஒற்றைக் கோட்டால் அடியுங்கள். அடியில் உள்ளது படிக்கும்படி இருக்கட்டும்.

தமிழ்நாட்டில் மகப்பேற்று மரணங்களைத் தணிக்கை செய்யும் முறை பல ஆண்டுகளாக இருக்கிறது. யார் செய்தார் என்று தேடுவதற்கு அல்ல, எங்கே தடுத்திருக்கலாம் என்று அறிவதற்காக ஏற்பட்டது அது. அந்த மேசையில் வைக்க வேண்டிய தாளில்தான் நேரம் மாற்றப்பட்டிருந்தது. 1.30 என்ற உண்மை அங்கே போயிருந்தால், இரவுப் பணிக்கு இரண்டாவது மருத்துவரைக் கேட்க அந்தத் தாளே போதுமாக இருந்திருக்கும்.