கைப்பேசியைத் தாண்டாமலே பிடிஎஃப் படமாகும் விதம்

திருப்பூரில், ஆடை வாங்கும் நிறுவனமான பையர் அனுப்பும் டெக் பேக், அதாவது ஆடையின் அளவும் டிசைனும் அடங்கிய விவரக் கோப்பு, பல பக்க பிடிஎஃப்பாக வரும். கட்டிங் மாஸ்டருக்கு அளவுப் பட்டியல் உள்ள பக்கம் போதும், பிரிண்டிங் யூனிட்டுக்கு டிசைன் பக்கம் போதும். படமாக மாற்றி வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடலாம் என்று, தேடலில் முதலில் கிடைக்கும் தளத்தில் முழுக் கோப்பையும் ஏற்றிவிடுகிறார்கள். இன்னும் கடைக்கே வராத டிசைன், விலையோடு சேர்த்து யாரோ ஒருவருடைய சர்வருக்குப் போகிறது. அப்படிப் போக வேண்டிய அவசியமே இல்லை. பிரவுசரே அந்த வேலையைச் செய்யும்.

பிடிஎஃப்பின் ஒரு பக்கத்துக்குள் பெரும்பாலும் இருப்பவை வரைவதற்கான கட்டளைகள்: இந்த இடத்தில் இந்த எழுத்து, இங்கிருந்து அங்கே ஒரு கோடு. ஒரு அங்குலத்துக்கு 72 பாயிண்ட் என்று கணக்கு. ஏ4 தாள் என்றால் சுமார் 595க்கு 842. பனியனுக்கு வெட்டும் பேட்டர்ன் போலத்தான் இது. பேட்டர்னை எந்த சைஸுக்கும் மாற்றலாம், தைத்த பனியனை மாற்ற முடியாது. படமும் அப்படித்தான். எத்தனை புள்ளியில் வரைவது என்பதை முதலிலேயே முடிவு செய்ய வேண்டும்.

பிரவுசருக்குள் இந்தக் கட்டளைகளைப் படித்து வரைய, 2011இல் மோசில்லா வெளியிட்ட பிடிஎஃப்.ஜேஎஸ் போன்ற நிரல்கள் இருக்கின்றன. கோப்பைத் தேர்ந்தெடுத்ததும் அது உங்கள் கருவியின் ரேமுக்கு வருகிறது. நிரல் அதைப் படித்து, கேன்வாஸ் என்ற பரப்பில் பக்கத்தை வரைகிறது. அப்புறம் அந்தப் புள்ளிகளைச் சுருக்கி ஜேபெக்காகவோ பிஎன்ஜியாகவோ சேமிக்கிறது. தளத்திலிருந்து உங்களுக்கு வருவது நிரல் மட்டும்தான்.

அங்குலத்துக்கு 300 புள்ளி என்றால் ஒரு ஏ4 பக்கத்துக்கு 2480க்கு 3508, அதாவது ஏறக்குறைய 87 லட்சம் புள்ளிகள். புள்ளிக்கு 4 பைட் வீதம் 35 எம்பி ரேம் வேண்டும். பழைய போனில் பல பக்கங்களை ஒன்றாக மாற்றும்போது திணறுவது இதனால்தான். 150 வைத்தால் கால்வாசி போதும். போனில் படிக்க அதுவே தாராளம். ஜேபெக் 8க்கு 8 புள்ளிக் கட்டங்களாகப் பிரித்துச் சுருக்குவதால் எழுத்தோரங்கள் மங்கலாம். அளவுப் பட்டியலுக்கு பிஎன்ஜிதான் சரி. அதையும் வாட்ஸ்அப்பில் டாக்குமெண்ட்டாக அனுப்புங்கள். போட்டோவாக அனுப்பினால் மறுபடி சுருக்கிவிடும்.

விலையை மறைப்பவர்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். பிடிஎஃப்பில் விலைமேல் வெறும் கருப்புக் கட்டம் வைத்தால், அடியில் எழுத்து அப்படியே இருக்கும். செலக்ட் செய்து காப்பி எடுத்துவிடலாம். அதைப் படமாக்கினால் கட்டத்தின் புள்ளிகள் மட்டுமே மிஞ்சும். கட்டம் துளியும் ஊடுருவித் தெரியாத கருப்பாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஒரு தளம் கோப்பை வெளியே அனுப்புகிறதா என்று எப்படிப் பார்ப்பது? பிரவுசரின் இன்காக்னிட்டோ என்ற தனி ஜன்னலில் தளத்தைத் திறந்து, முழுதாக இறங்கியபின் நெட்டை அணைத்துவிடுங்கள். பிறகு கோப்பைக் கொடுங்கள். படம் கிடைத்தால், மாற்றும் வேலை உங்கள் கருவியிலேயே நடந்திருக்கிறது. கிடைக்காவிட்டால் தளம் திருட்டுத்தனம் செய்கிறது என்று சொல்லிவிட முடியாது. நிரலின் ஏதோ ஒரு பகுதி இன்னும் இறங்காமல் இருந்திருக்கலாம். எப்படியானாலும், அந்த ஜன்னலை மூடிய பிறகே நெட்டை மறுபடி போடுங்கள்.