சுரங்க அறிக்கையைப் பின்னாலிருந்து படியுங்கள்

சுரங்கத் திட்ட அறிக்கை கைக்கு வந்தால் நான் கடைசி அத்தியாயத்தைத்தான் முதலில் புரட்டுவேன். எத்தனை டன் தாது, எத்தனை பேருக்கு வேலை, அரசுக்கு எவ்வளவு ராயல்டி என்பதெல்லாம் முன்பக்கங்களில் வண்ணப் படங்களோடு இருக்கும். சுரங்கத்தை மூடும் திட்டமோ இரண்டு பத்தியில் முடிந்துவிடும். "நிலம் சமன்செய்யப்பட்டு மரக்கன்றுகள் நடப்படும்." மரம் நட்டுவிடலாம். தண்ணீரை என்ன செய்வது?

பல உலோகத் தாதுக்களோடு பைரைட் என்ற இரும்பு சல்பைடு கலந்திருக்கும். பூமிக்குள் கிடக்கும்வரை அது சாது. உடைத்து வெளியே கொட்டினால் காற்றும் மழைநீரும் பட்டுக் கந்தக அமிலம் உருவாகும். பாறையிலுள்ள செம்பு, துத்தநாகம், காட்மியம் என எல்லாவற்றையும் கரைத்துக்கொண்டு அது ஓடையில் இறங்கும். செம்புத் தாதுவில் பல இடங்களில் நூற்றில் ஒரு பங்குகூடச் செம்பு தேறாது, மீதியெல்லாம் கழிவு. அது எவ்வளவு காலம் அமிலம் கசியும் என்று கேட்டால், நூற்றாண்டுகளில்தான் பதில் சொல்ல முடியும்.

அமெரிக்காவின் மொன்டானாவில் பெர்க்லி என்ற செம்புச் சுரங்கக் குழி இருக்கிறது. 1982-இல் நீர் இறைக்கும் பம்புகளை நிறுத்தினார்கள். நிலத்தடி நீர் ஏறி, குழி அமில ஏரியானது. 1995-இல் அதில் இறங்கிய பனி வாத்துகளில் 342 செத்தன. அந்த நீரைச் சுத்திகரிக்கும் வேலைக்கு முடிவுத் தேதி என்று எதுவும் இல்லை.

கனடாவின் யூகோனில் ஃபாரோ ஈய, துத்தநாகச் சுரங்கத்தின் கதை இன்னும் மோசம். அதை நடத்திய நிறுவனம் 1998-இல் திவாலானது. சுமார் 7 கோடி டன் கழிவுச் சேறும் 32 கோடி டன் கழிவுப் பாறையும் அப்படியே நின்றன. சுத்தம் செய்யும் செலவு மக்களின் வரிப்பணத்தில் விழுந்தது.

சுரங்கமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை (சொன்னால் என் பிழைப்பு என்னாவது!). சூரிய மின்தகடுக்கும் மின்வண்டிக்கும் செம்பும் லித்தியமும் மண்ணுக்குள்ளிருந்துதான் வர வேண்டும். ஆனால் முதல் வெடி வைக்கும் முன்பே மூடல் செலவுக்கான பணத்தை, நிறுவனம் மூழ்கினாலும் அரசு எடுத்துக்கொள்ளும்படி, வங்கி உத்தரவாதமாக வாங்கிவிட வேண்டும். சிலி 2011-இல் மூடலுக்கென்றே தனிச் சட்டம் இயற்றி நிதி உத்தரவாதத்தைக் கட்டாயமாக்கியது. "தாய் நிறுவனம் பொறுப்பேற்கும்" என்ற கடிதத்தை நான் உத்தரவாதமாகவே எண்ணுவதில்லை. தாயும் சேர்ந்து மூழ்கலாம்.

கருத்துக்கேட்புக் கூட்டத்துக்குப் போனால் வேலைவாய்ப்பு பற்றிப் பேச நிறையப் பேர் இருப்பார்கள். நீங்கள் இதைக் கேளுங்கள்: மூடல் செலவைக் கணக்கிட்டது நிறுவனமா, வெளியாளா? எத்தனை ஆண்டு நீர் சுத்திகரிப்பை அதில் சேர்த்திருக்கிறார்கள்? தாது தீரும் தறுவாயில் சுரங்கத்தை ஒரு சின்ன நிறுவனத்திடம் தள்ளிவிட்டால், அந்த உத்தரவாதம் யார் பெயரில் நிற்கும்?