உலோகத் துகள் இல்லாமல் இரும்பை வரைவது

பத்தில் ஒரு பங்கு அளவில் வார்க்கப்பட்ட வைக்கிங் வீரனின் மார்பளவுச் சிலையில் தலையின் உயரம் இரண்டேகால் சென்டிமீட்டர்தான் இருக்கும். ரெசின் (ஊற்றி இறுகவைக்கும் பிளாஸ்டிக்) வார்ப்பு நன்றாக அமைந்தால் தாடி மயிரும் கவசத்தின் ஆணித்தலைகளும் அச்சு அசலாக வந்துவிடும். ஆனாலும் முகத்துக்குத் தோல் நிறம், கவசத்துக்கு வெள்ளி நிறம் என்று பூசி முடித்தால் கையில் மிஞ்சுவது பொம்மைதான். உருவத்தைச் சுருக்கிவிடலாம், தோலும் இரும்பும் ஒளியோடு நடந்துகொள்ளும் விதம் கூடவே சுருங்கி வருவதில்லை. அதைத் தூரிகைதான் ஈடுகட்ட வேண்டும்.

உயிருள்ள தோலுக்குள் ஒளியின் ஒரு பகுதி புகுந்து, சிதறி, இரத்தத்தின் சிவப்பை ஏற்றிக்கொண்டு சற்றுத் தள்ளி வெளிவருகிறது. வெயிலுக்கு எதிரே நிற்பவரின் காது மடல் சிவந்து தெரிவது இப்படித்தான். ஒளி ஊடுருவாத வண்ணப் பூச்சில் இது நடக்காது. ஆகவே மூக்கு நுனி, கன்னம், காது ஆகிய இடங்களில் நீர்க்கக் கரைத்த சிவப்பை மெல்லிய படலங்களாக ஏற்ற வேண்டும். அக்ரிலிக் வண்ணம் இதற்கு நன்றாக ஒத்துழைக்கும். நீர் ஆவியானதும் அதிலுள்ள பாலிமர் துளிகள் ஒன்றோடொன்று இணைந்து படலமாகிவிடுவதால், அடுத்த பூச்சின் ஈரத்தில் அது கரைந்து கலங்காது.

தலைக்கவசத்துக்கு வருவோம். சிலையில் கொம்பு இருந்தால் தயங்காமல் அறுத்துவிடுங்கள். வைக்கிங் வீரர்கள் போரில் கொம்பு வைத்த கவசம் அணிந்ததற்குச் சான்று இல்லை. நார்வேயில் ஜெர்முண்ட்புவில் 1943இல் கிடைத்த 10ஆம் நூற்றாண்டுக் கவசம், கண்களைச் சுற்றி மூக்குக்கண்ணாடி போன்ற காப்பு கொண்ட எளிய இரும்புக் குவிமாடம். அறுத்த இடத்தைப் பிசைந்து ஒட்டினால் கெட்டியாகும் எபாக்சி புட்டியால் அடைத்து, அது இறுகுவதற்குள் ஈரவிரலால் நீவிவிடலாம். ரெசின் தூள் நுரையீரலுக்குக் கெடுதல். உப்புத்தாளை நனைத்துத் தேய்ப்பதும் முகக்கவசம் அணிவதும் கட்டாயம்.

இப்போது அந்தக் குவிமாடத்தை இரும்பாக்க வேண்டும். மெருகேறிய இரும்பு ஒரு கண்ணாடி, சுற்றுப்புறத்தைத்தான் காட்டும். வெட்டவெளியில் நிற்பவனின் கவசத்தில் மேலே வானத்தின் வெளிச்சம், அதன் கீழே தொடுவானத்தின் இருண்ட பட்டை, அடியில் தரையின் மங்கல் தெரியும். கடையில் கிடைக்கும் வெள்ளி வண்ணத்தில் இருப்பவை நுண்ணிய அலுமினிய அல்லது மைக்காத் தகடுகள். அவை எல்லாம் ஒரே மட்டமாகப் படிவதில்லை என்பதால் பிம்பம் கலைந்து மினுமினுப்பு மட்டும் மிஞ்சுகிறது. சிலை பத்தில் ஒன்றாகச் சுருங்கினாலும் தகடுகள் பழைய அளவிலேயே இருப்பதால் அந்த மினுமினுப்பு இன்னும் துருத்திக்கொண்டு தெரியும்.

தேர்ந்த கலைஞர்கள் இதனால்தான் கறுப்பு, வெள்ளை, சாம்பல் ஆகிய சாதாரண வண்ணங்களை எடுக்கிறார்கள். வெற்றி முழுக்க விளிம்பில் இருக்கிறது. துணியிலும் கல்லிலும் வெளிச்சம் மெல்ல மெல்லத் தேயும். உலோகத்தில் சட்டென்று முறியும். எனவே மிகப் பிரகாசமான வெள்ளையை மிக இருண்ட பட்டைக்குப் பக்கத்திலேயே, இடைநிறம் அதிகமில்லாமல் நிறுத்த வேண்டும். வெண்கலம் என்றால் ஒளிர்விலும் மஞ்சள் தொனிக்க வேண்டும், ஏனெனில் அந்த உலோகம் நீல ஒளியின் ஒரு பகுதியை விழுங்கிவிட்டு மீதியைத்தான் திருப்பி அனுப்புகிறது. எண்ணெய் பூசிய தோல் வாரில் அப்படியில்லை. அங்கே பளபளப்பு மேற்பரப்பிலிருந்தே திரும்புவதால் விளக்கின் நிறம் மாறாமல் தெரியும்.

இந்த முறைக்கு ஒரு விலை உண்டு. சிலையைத் திருப்பினால் உண்மையான பிம்பம் நகரும்; வரைந்த பிம்பம் நகராது. ஒளி எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பதை முதலிலேயே தீர்மானித்துவிட வேண்டும். கறுப்பு பிரைமரை, அதாவது அடிப்பூச்சை, அடித்து, அந்தத் திசையிலிருந்து மட்டும் வெள்ளையைத் தூவி, ஒரு புகைப்படம் எடுத்து வைத்துக்கொள்வது நல்ல வழி. எங்கே வெளிச்சம், எங்கே நிழல் என்பதற்கு அதுவே வரைபடம்.

வாள் பட்ட கீறல்களைக் கடைசியில் போடலாம். ஒளி மேலிருந்து விழுவதாக இருந்தால், மயிரிழை போன்ற ஒரு கருங்கோடு, அதை ஒட்டிக் கீழே ஒரு வெண்கோடு. பள்ளத்தின் மேல்சரிவு நிழலில் இருக்கிறது. கீழ்ச்சரிவு மேல்நோக்கியிருப்பதால் ஒளியை வாங்குகிறது. இரண்டையும் இடம் மாற்றிப் போட்டால் கீறல் மேடாகிவிடும்.