துணை உயிர்வளி: ஒரு சொல் விளக்கம்

கடுமையான நிமோனியாவிலிருந்தோ கோவிட்டிலிருந்தோ பிழைத்து வீடு திரும்புகிறவரின் சீட்டில், "நடக்கும்போது 2 லிட்டர் ஆக்சிஜன்" என்று எழுதியிருப்பதுண்டு. உடனே வீட்டார், "இன்னும் செயற்கை சுவாசமா?" என்று கலங்கிப் போவார்கள். செயற்கை சுவாசம் வேறு. அதில் வென்டிலேட்டர் காற்றை நுரையீரலுக்குள் தள்ளுகிறது. இங்கே மூச்சை இழுப்பதும் விடுவதும் அவரேதான். இழுக்கும் காற்றில் ஆக்சிஜனின் பங்கை மட்டும் கொஞ்சம் உயர்த்துகிறோம். இதைத்தான் ஆங்கிலத்தில் சப்ளிமென்டல் ஆக்சிஜன் என்கிறார்கள்.

சப்ளிமென்ட் என்பதன் வேர், குறைந்ததை நிரப்புவதைக் குறிக்கும் லத்தீன் வினை. ஆக்சிஜனுக்குத் தமிழில் உயிர்வளி என்ற பெயர் உண்டு. அப்படிப் பார்த்தால் 'குறைநிரப்பு உயிர்வளி' என்பதே மிகச் சரி. ஆனால் பேச்சில் புழங்காது. 'கூடுதல் ஆக்சிஜன்' எளிதுதான். தேவைக்கு மேல் கொடுப்பதுபோல் ஒலிப்பதால் எனக்கு ஒப்பவில்லை. நோயாளியின் சொந்த மூச்சை முன்னே நிறுத்தும் 'துணை உயிர்வளி'யே என் தேர்வு.

சரி, உயிர்வளி என்ற பெயர் எங்கிருந்து வந்தது? முதலில் ஆக்சிஜன் என்ற பெயரைப் பார்ப்போம். ஆங்கிலேய வேதியியலாளர் பிரீஸ்ட்லி 1774இல் பிரித்தெடுத்த வாயுவுக்கு, பிரெஞ்சு வேதியியலாளர் லவாய்சியே 1777இல் கிரேக்க வேர்களைக் கொண்டு 'அமிலத்தை உண்டாக்குவது' என்று பொருள்படப் பெயர் வைத்தார். எல்லா அமிலத்திலும் அது உண்டு என்று அவர் நம்பினார். ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஆக்சிஜனே கிடையாது! தவறு தெரிந்த பிறகும் பெயர் ஒட்டிக்கொண்டது. இலங்கைத் தமிழில் அது ஒட்சிசன்.

தமிழில் அந்த வாயு செய்யும் வேலையைப் பார்த்துப் பெயரிட்டார்கள். பிராணவாயு என்ற சொல்லில் ஒரு சிக்கல்: சித்த மருத்துவமும் யோகமும் சொல்லும் பத்து வாயுக்களில் முதலாவதான பிராணனோடு அது குழம்பும். உயிர்வளியில் அந்தக் குழப்பம் குறைவு. வளி பழைய சொல். "உந்தி முதலா முந்துவளி தோன்றி" என்று தொல்காப்பியம் எழுத்துகளின் பிறப்பைச் சொல்லும்போது, நெஞ்சிலும் மிடற்றிலும் தங்கி ஒலியாகும் மூச்சுக்காற்றையே வளி என்கிறது. நுரையீரல் மருத்துவத்துக்கு இதைவிடப் பொருத்தமான சொல் எது?

இனி, ஏன் 'நடக்கும்போது' மட்டும்? உட்கார்ந்திருக்கையில் ரத்தத்தில் உயிர்வளியின் செறிவை அளக்க விரலில் மாட்டிய ஆக்சிமீட்டர் 95 சதவீதம் காட்டும். குளியலறை வரை போய்வந்ததும் அதே விரலில் 86. நோயில் தடித்துப்போன நுரையீரல் சுவர் வழியே உயிர்வளி ரத்தத்தில் கலக்க நேரம் வேண்டும். நடையில் ரத்தம் வேகமாக ஓடிவிடுவதால் அந்த நேரம் கிடைப்பதில்லை. வெளிக்காற்றில் உயிர்வளி 21 சதவீதம். மூக்குக்குழாயில் நிமிடத்துக்கு 2 லிட்டர் விட்டால் உள்ளே போவது ஏறக்குறைய 28 சதவீதமாகும். அந்த உயர்வு, மூச்சிரைப்பால் நடை முதலான பயிற்சி பாதியில் நிற்காமல் காக்கும். கால் தசைகள் தேற வேண்டுமானால் நடந்தே ஆக வேண்டும், அல்லவா?

இந்தப் பயிற்சிக்கு 'நுரையீரல் மறுவாழ்வு' என்ற பெயர் புழக்கத்தில் இருக்கிறது. மறுவாழ்வு என்றதும் போதை மீட்பு நினைவுக்கு வருவதால், 'நுரையீரல் மீட்புப் பயிற்சி' என்பது தெளிவு.

உயிர்வளி ஒரு மருந்து, அளவு உண்டு. நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் உள்ளவர்களில் அதிகமாகக் கொடுத்தால் ரத்தத்தில் கரியமில வாயு ஏறிவிடக்கூடும் என்பதால், அந்த ஆபத்து உள்ளவர்களுக்கு ஆக்சிமீட்டரில் 88 முதல் 92 சதவீதம் வரைதான் இலக்கு. "மிகினும் குறையினும் நோய்செய்யும்" என்று குறள் வளி முதலான மூன்றைப் (வாதம், பித்தம், கபம்) பற்றிச் சொன்னது இங்கேயும் பொருந்துகிறது. ஆகவே மூச்சு வாங்குகிறதே என்று வீட்டார் தாங்களாக ஆக்சிஜன் கருவியின் குமிழைத் திருகக் கூடாது. மருத்துவரைக் கேட்க வேண்டும். அருகில் நெருப்பும் புகையும் அறவே ஆகாது.

தேறத் தேற, 6 நிமிட நடைச் சோதனை வைத்து அளவைக் குறைப்பார்கள். பலருக்குக் குழாய் கழன்றுவிடும். நுரையீரலில் தழும்பு நிலைத்துவிட்ட சிலருக்கு ஆண்டுக்கணக்கில் தேவைப்படலாம். அப்போதும் அது துணைதான், மூச்சு அவருடையது.