சராசரி 3 இணைப்பு இருந்தால் போதுமா?

நெட்வொர்க் வடிவமைப்பு அறிக்கைகளைச் சரிபார்ப்பது என் வேலை. “ஒரு கருவிக்குச் சராசரி 3 இணைப்புகள், ஆகவே கவலையில்லை” என்ற வரி அடிக்கடி கண்ணில் படும். அந்த 3 எதைச் சொல்கிறது, எதை மறைக்கிறது என்று பார்க்க, சமவாய்ப்புக் கோட்டுருவைப் (random graph: புள்ளிகளைக் குலுக்கல் முறையில் கோடுகளால் இணைத்த வரைபடம்) போல எளிய வழி வேறில்லை.

ஒரு லட்சம் முனைகளை, அதாவது கருவிகளைக் குறிக்கும் புள்ளிகளை, எடுத்துக்கொள்ளுங்கள். எந்த இரண்டுக்கு நடுவே இணைப்பு என்பதைக் குலுக்கல் போட்டு முடிவு செய்யுங்கள். ஹங்கேரியக் கணிதவியலாளர்கள் பால் எர்டோஷும் ஆல்ஃபிரெட் ரெனியும் 1959, 1960-இல் ஆராய்ந்தது இதைத்தான். சராசரி 0.5 இணைப்பு என்றால் எல்லாம் துண்டு துண்டாகக் கிடக்கும். இருப்பதிலேயே பெரிய துண்டில்கூட சில பத்து முனைகள்தான். 1-ஐத் தாண்டியதும் ஒரு பெருந்துண்டு பிறக்கிறது. 1.5-இல் சுமார் 58% முனைகள் அதற்குள் வந்துவிடும், 2-இல் 80%, 3-இல் 94%.

இப்போது இதையே பின்னோக்கிப் படியுங்கள். இணைப்புகள் ஒவ்வொன்றாக அறுந்து சராசரி 3-இலிருந்து 2-க்கு இறங்கும்போது பெரிதாக எதுவும் தெரியாது. 2-இலிருந்து 1-க்கு இறங்கினால் மொத்தமும் சிதறிவிடும். “இவ்வளவு நாள் தாங்கியதே” என்ற சமாதானம் இங்கே செல்லாது.

சரி, மீதி 6%? அதில் பெரும்பாலானவை ஓர் இணைப்புகூட இல்லாத முனைகள். குலுக்கலை மட்டும் நம்பி அவற்றையும் சேர்க்க வேண்டுமானால் சராசரி 11.5-ஐத் தாண்ட வேண்டும். இது ஒரு லட்சத்தின் இயல் மடக்கை (natural logarithm). கடைசிச் சிலரைச் சேர்ப்பதற்குத்தான் செலவு அதிகம் என்பது கணக்கிலேயே இருக்கிறது.

நிஜ வலைப்பின்னல்கள் குலுக்கலில் உருவாவதில்லை. சராசரி 3 உள்ள சமவாய்ப்புக் கோட்டுருவில் 20 இணைப்புள்ள முனை அநேகமாக இருக்காது. இணையத்திலோ, சில முனைகளுக்கு மட்டும் ஏராளமான இணைப்புகள் குவிந்திருக்கும். இயற்பியலாளர்கள் ரேக்கா ஆல்பர்ட், ஹாவூங் ஜியோங், ஆல்பர்ட்-லாஸ்லோ பரபாசி மூவரும் 2000-இல் காட்டியது இதன் விளைவு: அப்படிப்பட்ட வலைப்பின்னல் தற்செயலான பழுதுகளை நன்றாகத் தாங்கும், பெரிய முனைகளைத் தேர்ந்தெடுத்து நீக்கினால் சீக்கிரமே உடையும். அதனால், ஏதோ சில சர்வர்களை அணைத்துப் பார்த்துவிட்டுச் சோதனையில் தேறியது என்று எழுதுவதை நான் ஏற்பதில்லை. அதிக இணைப்புள்ளவற்றை முதலில் அணைத்துப் பாருங்கள்.

இவை எல்லாவற்றையும்விட என்னை அதிகம் கவலைப்பட வைப்பது வேறொன்று. ஒவ்வோர் இணைப்பும் தனித்தனியாகப் பழுதாகும் என்ற அனுமானம் இந்தக் கணக்குகளுக்கு அடியில் இருக்கிறது. வரைபடத்தில் இரண்டு கோடுகள் இருக்கும். களத்தில் போய்ப் பார்த்தால் இரண்டு கேபிளும் ஒரே குழாய்க்குள் ஓடும். குழி தோண்டும் இயந்திரம் ஒரு தடவை இறங்கினால் இரண்டும் போய்விடும். ஆகவே இணைப்புப் பட்டியல் வந்ததும், எந்தெந்தக் கேபிள் எந்தக் குழாயில் போகிறது, எந்த மின்பாதையை நம்பியிருக்கிறது என்ற பட்டியலையும் கேட்டு வாங்குங்கள். ஒரே குழாயில் போகும் இரண்டை ஒன்றாக எண்ணி, அதன்பிறகு சராசரியைக் கணக்கிடுங்கள்.