லயத்துக் கொல்லையும் பத்து வகை உணவும்: தோட்ட நிலம் மாறும்போது அடுப்படியில் நடப்பது என்ன?

இன்று பெஸ்தாரி ஜெயா என்று பெயர்ப் பலகைகளில் எழுதப்பட்டிருந்தாலும், நம்மில் பலர் இன்னும் பத்தாங் பெர்ஜுந்தை என்றே சொல்லும் அந்தத் தோட்டப் பட்டணம் கோலசிலாங்கூர் மாவட்டத்தில் இருக்கிறது. அதன் அருகிலுள்ள தென்னமரம் தோட்டத்தில்தான் 1917ஆம் ஆண்டு பிரெஞ்சுக்காரரான ஆன்றி ஃபோக்கோனியே மலேசியாவின் முதல் வணிகச் செம்பனை (எண்ணெய்ப்பனை) நடவைத் தொடங்கினார். அங்கிருந்து மேற்கே கடற்கரைப் பக்கம் காரில் சென்றால், ஏறத்தாழ ஒரு மணி நேரத்துக்குள் தஞ்சோங் காராங், செகிஞ்சான் நெல்வயல்கள் வந்துவிடும். பெர்ணம் ஆற்று நீரைக் கால்வாய்களில் கொண்டுவந்து இரு போகம் விளைவிக்கும் அந்த வயல்கள், நாட்டிலேயே மிக உயர்ந்த விளைச்சலுக்குப் பெயர் பெற்றவை. நெற்களஞ்சியத்துக்கு இவ்வளவு பக்கத்தில் இருக்கும் ஒரு தோட்டத்துக் குடும்பம், மாதக் கடைசியில் சோற்றுக்குப் பதில் ரொட்டியும் தேநீருமாகச் சமாளிக்க வேண்டிய நிலை எப்படி வருகிறது என்பதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி.

உணவுப் பாதுகாப்பு என்ற சொல்லைக் கேட்டதும் பெரும்பாலோர் நெல் உற்பத்தியைத்தான் நினைக்கிறார்கள். ஆனால் 1996ஆம் ஆண்டு ரோம் நகரில் கூடிய உலக உணவு மாநாடு வகுத்த வரையறை அதைவிட விரிவானது. உணவு இருக்க வேண்டும். அது குடும்பத்தின் கைக்கு எட்ட வேண்டும். உண்டது உடலுக்குப் பயன்பட வேண்டும். இவை மூன்றும் ஏற்ற இறக்கமில்லாமல் நிலைத்திருக்க வேண்டும். பெஸ்தாரி ஜெயா வட்டாரத்தில் முதலாவதற்குக் குறைவில்லை. நிலப் பயன்பாட்டின் மாற்றம் மற்ற மூன்றையும்தான் அசைக்கிறது. அதுவும் ஒரே நாளில் அன்று. மெதுவாக, எந்தக் கணக்கேட்டிலும் பதிவாகாமல் அசைக்கிறது.

ரப்பர் காலத்தில் தோட்டம் என்பது கணக்குப்படி முழுக்க முழுக்கப் பணப்பயிர் நிலம்; உண்பதற்கு அதில் எதுவும் விளையவில்லை. ஆயினும் லயம் எனப்படும் தொழிலாளர் வரிசை வீடுகளுக்குப் பின்னாலும், ஓடைக் கரையிலும், சாலை ஓரத்திலும் கிடந்த துண்டு நிலங்களில் முருங்கையும் வாழையும் பப்பாளியும் கத்தரியும் வெண்டையும் இருந்தன. மாட்டுக் கொட்டகையும் கோழிக்கூடும் இருந்தன. இது முழுக்க நிர்வாகத்தின் கருணையால் வந்ததன்று. பிரிட்டிஷ் ஆட்சியின் கீழ் இருந்த மலாய்க் கூட்டு மாநிலங்களின் 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், குடும்பமுள்ள தொழிலாளிக்குப் பயிரிடவும் மாடு மேய்க்கவும் ஓர் ஏக்கரில் பதினாறில் ஒரு பங்கு நிலம் ஒதுக்கப்பட வேண்டும் என்று கூறியது. ஏறக்குறைய 250 சதுர மீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். எல்லாத் தோட்டங்களிலும் இது ஒழுங்காக நடந்தது என்று எண்ணுவதற்கில்லை. ஆனால் கூலியோடு நிலமும் சேர்ந்தால்தான் குடும்பம் பிழைக்கும் என்பது ஆட்சியாளருக்கே தெரிந்திருந்தது.

நிலம் இருந்தால் போதாது, அதில் உழைக்க நேரமும் வேண்டும். இங்கேதான் பால்மரமான ரப்பரின் உடற்கூறு குறுக்கே வருகிறது. மரப்பட்டையின் உட்புறத்திலுள்ள நுண்குழாய்களில் பால் அழுத்தத்தோடு நிறைந்திருக்கிறது. வெயில் ஏறியதும் இலைகள் வழியே நீர் ஆவியாகி வெளியேறுவதால் அந்த அழுத்தம் தணிந்து, வெட்டிய இடத்தில் பால் வடிவது குறைந்துவிடுகிறது. ஆகவே வெட்டு விடியற்காலையில் நடந்தாக வேண்டும். பெரட்டு என்ற காலை ஆள்கணக்கெடுப்பு முடிந்து இருட்டோடு நிரைக்கு, அதாவது தமக்குரிய மர வரிசைக்கு, போனவர்கள், பாலை எடுத்து ஸ்டோரில் நிறுத்துக் கொடுத்துவிட்டுப் பிற்பகலில் வீடு திரும்பினார்கள். சூரியன் மறைவதற்கு முன் கிடைத்த அந்த நான்கைந்து மணி நேரம்தான் கொல்லைக்கும் மாட்டுக்கும் போனது. ஒரு மரத்தின் நீரழுத்தம் ஒரு குடும்பத்தின் பசும்பால் சொம்பைத் தீர்மானித்தது என்று சொன்னால் மிகையாகத் தோன்றும். ஆனால் தொடர்பு நேரடியானது.

செம்பனை இந்த ஏற்பாட்டை நான்கு பக்கங்களிலிருந்தும் கலைத்தது. 1960ஆம் ஆண்டில் சுமார் 55,000 ஹெக்டேராக இருந்த செம்பனைப் பரப்பு இன்று 50 லட்சம் ஹெக்டேரைத் தாண்டிவிட்டது. நெல்லோ, இரு போகத்தையும் சேர்த்துக் கணக்கிட்டாலும் சுமார் 6.5 லட்சம் ஹெக்டேர்தான். முதல் மாற்றம் வேலை நேரத்தில் வந்தது. குலை வெட்டுக்கு விடியற்காலைக் கட்டாயம் இல்லை. சம்பளம் வெட்டிய குலைகளைப் பொறுத்தது. ஆதலால் கணவன் குலை வெட்ட, மனைவி உதிரிப் பழம் பொறுக்க, வேலை மாலை வரை நீண்டது. இரண்டாவது மாற்றம் ஆள்கணக்கு. ஒரு வெட்டுக்காரர் தோராயமாக மூன்று ஹெக்டேர் ரப்பரைப் பார்த்துக்கொண்டார் என்றால், செம்பனையில் ஒருவருக்கு எட்டு முதல் பத்து ஹெக்டேர் வரை போகும். தேவைப்படும் குடும்பங்கள் குறைந்ததும், லயங்கள் வெறிச்சோடின. மோட்டார் சைக்கிளில் மீனும் காய்கறியும் கொண்டுவந்த வியாபாரிக்கு அந்தச் செம்மண் சாலையில் வருவது கட்டுப்படியாகாமல் போயிற்று.

மூன்றாவது மாடு. வளர்ந்த ரப்பர் மரத்துக்கு மாட்டால் பெரிய கேடு இல்லை, ஆனால் இளஞ்செம்பனையின் மட்டைகளை மாடு கடித்துத் தின்றுவிடும். அதனால் மறுநடவு நடக்கும் தோட்டங்களில் மாட்டை அப்புறப்படுத்தச் சொல்லும் அறிவிப்பு வருவது பலருக்குப் பழக்கமான ஒன்று. நான்காவது மருந்து அடிப்பு. மரத்தைச் சுற்றியும் அறுவடைப் பாதையிலும் தொடர்ந்து களைக்கொல்லி தெளிக்கப்படுகிறது. மலேசியா 2020 ஜனவரி முதல் பாராகுவாட்டைத் தடைசெய்துவிட்டது என்றாலும் மற்றக் களைக்கொல்லிகள் பயன்பாட்டில் இருக்கின்றன. நிர்வாகத்துக்குக் களையாகத் தெரிந்த பலவற்றைத்தான் பாட்டிமார் மடியில் பறித்து வந்து கீரையாகச் சமைத்தார்கள். மருந்து அடித்த இடத்தில் கீரை பறிக்க எந்தத் தாய்க்குத்தான் மனம் வரும்?

இந்த இழப்பை எப்படி அளப்பது? ஐ.நா.வின் உணவு, வேளாண் நிறுவனம் பயன்படுத்தும் ஓர் எளிய அளவுகோல் இருக்கிறது. பதினைந்து முதல் நாற்பத்தொன்பது வயதுக்குட்பட்ட ஒரு பெண் முந்தைய நாள் உண்டவற்றைப் பத்து வகைகளாகப் பிரிக்கிறார்கள்: தானியமும் கிழங்கும், பருப்பு, கொட்டை விதைகள், பால், இறைச்சியும் மீனும், முட்டை, கரும்பச்சைக் கீரை, வைட்டமின் ஏ நிறைந்த காய்கனிகள், மற்றக் காய்கள், மற்றப் பழங்கள். குறைந்தது ஐந்து வகைகளாவது இருந்தால்தான் அவருக்கு நுண்சத்துகள் போதுமான அளவு கிடைக்க வாய்ப்புண்டு என்று கருதப்படுகிறது. இப்போது லயத்துக் கொல்லையை இந்தப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். முருங்கையும் தவசிக்கீரையும் கீரை வகைக்கு, பப்பாளியும் பூசணியும் வைட்டமின் ஏ வகைக்கு, வெண்டையும் கத்தரியும் மற்றக் காய்களுக்கு, வாழை மற்றப் பழங்களுக்கு, மாடு பாலுக்கு, கோழி முட்டைக்கு. பத்தில் ஆறு வகைகள் அந்த 250 சதுர மீட்டரிலிருந்தும் அதை ஒட்டிய மேய்ச்சலிலிருந்தும் வந்தன. கடையில் வாங்கியாக வேண்டியவை அரிசி, பருப்பு, கருவாடு போன்ற சிலவே. கொல்லை போனபின் வயிறு நிறைவது நிற்கவில்லை. அரிசியும் மாவும் சர்க்கரையும் எண்ணெயும் மலிவாகவே கிடைக்கின்றன, நின்றுபோனது வகைகள்.

இதன் விளைவைத் தனியாகப் பிரித்துக் காட்டுவது கடினம் என்பதை இங்கே நேர்மையாகச் சொல்ல வேண்டும். 2019ஆம் ஆண்டின் தேசிய உடல்நலக் கணக்கெடுப்பு, கருவுறும் வயதுள்ள பெண்களில் 29.9 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை இருந்ததைக் காட்டியது. அதே கணக்கெடுப்பில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது; இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடு. மரபணு, உடலுழைப்புக் குறைவு, வருமானம் என்று இதற்குப் பல காரணங்கள் உண்டு. நிலத்தின் மீது மட்டும் பழியைப் போட முடியாது. ஆனால் மாவுச்சத்து மிகுந்து கீரையும் பாலும் குறைந்த தட்டு இரண்டு நோய்களுக்கும் துணை போகிறது என்பதில் ஐயமில்லை. தாவர உணவிலுள்ள இரும்புச்சத்தை உடல் ஏற்க வைட்டமின் சி உதவுகிறது. சாப்பாட்டோடு குடிக்கும் தேநீர் அதைத் தடுக்கிறது. கொல்லையில் எலுமிச்சையும் கொய்யாவும் இருந்த வீட்டுக்கும், கையில் தேநீர்க் குவளை மட்டும் உள்ள வீட்டுக்கும் இடையிலுள்ள வேறுபாடு, ஒரே அளவு கீரையைத் தின்றாலும் இரத்தத்தில் தெரியும்.

நிலைத்தன்மை என்ற நான்காவது தூணை 2023ஆம் ஆண்டு எல்லோரும் நேரில் பார்த்தோம். அந்த ஜூலையில் இந்தியா பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதியைத் தடைசெய்தது. ஆகஸ்ட் இறுதியில் புழுங்கல் அரிசிக்கு 20 விழுக்காடு ஏற்றுமதி வரி விதித்தது. செப்டம்பர் முதல் நாள், மலேசியாவில் இறக்குமதி வெள்ளை அரிசியின் விலை டன்னுக்கு 2,350 ரிங்கிட்டிலிருந்து 3,200 ரிங்கிட்டாக உயர்த்தப்பட்டது. கிலோ 2 ரிங்கிட் 60 சென் என்று கட்டுப்படுத்தப்பட்ட உள்ளூர் அரிசியை எல்லோரும் நாடியதால், அது கடைகளில் கிடைப்பதே அரிதாயிற்று. பொன்னி அரிசிக்கும் புழுங்கல் அரிசிக்கும் பழகிய நம் வீடுகளுக்கு உள்ளூர் அரிசி முழு மாற்று அன்று. அதுவும் கிடைக்கவில்லை என்றபோது செகிஞ்சான் வயல்கள் பக்கத்தில் இருந்ததால் ஒரு பயனும் இல்லை. பொருளியலாளர் அமர்த்திய சென் பஞ்சங்களை ஆராய்ந்து சொன்னது இதைத்தான்: ஊரில் எவ்வளவு உணவு இருக்கிறது என்பதைவிட, அதைப் பெறும் உரிமை ஒருவருக்கு எந்த வழியில் வருகிறது என்பதே முக்கியம். சம்பளம் என்ற ஒரே வழி மட்டும் இருக்கும் குடும்பம், அரிசி விலை ஏறினால் அரிசியைக் குறைப்பதில்லை. மீனையும் காயையும் பழத்தையும்தான் முதலில் குறைக்கிறது.

இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் ஆண்ட காலத்தில் நடந்தது இதற்கு நேர்மாறான சான்று. பர்மாவிலிருந்தும் சயாமிலிருந்தும் (இன்றைய தாய்லாந்து) வந்த அரிசி குறைந்துபோக, தோட்டங்களில் கிடைத்த இடமெல்லாம் மரவள்ளி நடப்பட்டது. அதில் புரதம் மிகக் குறைவு. அந்த ஆண்டுகளின் பட்டினியையும் நோயையும் அது தடுத்துவிடவில்லை. ஆனால் கையெட்டும் தூரத்தில் மண் இருந்ததால் பலர் உயிரோடு மிஞ்சினார்கள்.

நிலம் மூன்றாம் முறையும் மாறுகிறது, செம்பனையிலிருந்து வீடமைப்புக்கு. 1965ஆம் ஆண்டு தேசிய நிலச் சட்டத்தொகுப்பின்படி விவசாய நிலத்தைக் கட்டட நிலமாக மாற்ற மாநில அரசின் ஒப்புதல் வேண்டும். ஒப்புதல் கிடைத்தால் நிலத்தின் மதிப்பு பன்மடங்காகிவிடும். 1990களில் புத்ராஜெயா எழுந்தபோது பெராங் புசார் உள்ளிட்ட நான்கு தோட்டங்களின் குடும்பங்கள் டிங்கிலில் அடுக்குமாடி வீடுகளுக்குக் குடியேறின. பட்டணத்தை ஒட்டிய வீட்டில் கடை பக்கம், மருத்துவமனை பக்கம், பிள்ளைகளுக்கு வேலை வாய்ப்பும் பக்கம். இவற்றை மறைத்துவிட்டு லயத்தைப் புகழ எனக்கு விருப்பமில்லை. கூரை ஒழுகிய லயத்துக்கு யாரும் திரும்பப் போக வேண்டியதில்லை. ஆனால் மூன்றாம் மாடி நடைபாதையில் தொட்டி வைத்தால் கறிவேப்பிலையும் கீரையும் வரும்; பாலும் முட்டையும் வாராது. பத்தில் ஆறு என்றிருந்தது ஒன்றாகச் சுருங்கிவிடுகிறது, அதுவும் வெயில் படும் பக்கத்து வீடாக இருந்தால்.

செய்யக்கூடியவற்றில் எனக்கு மிகவும் நடைமுறைக்கு ஒத்ததாகத் தோன்றுவது மறுநடவுக் காலம். செம்பனை ஏறத்தாழ 25 ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றி நடப்படுகிறது. ஒன்பது மீட்டர் இடைவெளியில் நட்ட கன்றுகள் தலைசேர்ந்து நிழல் கட்டுவதற்கு முன், முதல் இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு வரிசைகளுக்கு நடுவே முழு வெயில் விழுகிறது. சிறு நிலக்காரர்கள் அந்த இடத்தில் சோளமும் வாழையும் அன்னாசியும் தர்ப்பூசணியும் போடுவது புதிதன்று. பெருந்தோட்டங்களோ அங்கே பெரும்பாலும் மூடுபயிர்க் கொடியைப் படரவிட்டு மண்ணைக் காக்கின்றன. மண்ணுக்குத் தழைச்சத்தும் சேர்கிறது என்பதால் அது வீண் வேலை அன்று. ஆனால் லயங்களை ஒட்டிய சில வரிசைகளை மட்டும் குடும்பங்களுக்கு விட்டால் எண்ணெய் விளைச்சலில் பெரிதாக எதுவும் குறையாது. வீடமைப்புத் திட்டங்களில் விளையாட்டுத் திடலுக்கு இடம் விடுவதுபோல், வீட்டுக்குப் பத்துப் பதினைந்து சதுர மீட்டர் வீதம் பொதுக் கொல்லைக்கு இடம் விடச் சொல்லும் நிபந்தனையை, நிலத்தை மாற்ற ஒப்புதல் தரும் அதே மாநில அரசு அந்த ஒப்புதலோடு சேர்த்தே விதிக்கலாம்.